முகமும் தசையும் கற்ற மருத்துவர் டுஷென்

வாய் பேசாதபோதும் பேசிக்கொண்டிருக்கும் உறுப்பு முகம். உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புறத்தே தோன்றுவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. ஆயின், அம்மெய்ப்பாடு தோன்றுவதற்கு முகத்தின் எந்தத் தசை அசைகிறது, எது அசையாவிடின் நகை பொய்ந்நகை ஆகிறது என்னும் வினாக்களைக் கருவியும் கையுமாக நின்று ஆராய்ந்தவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயர் கியோம் பெஞ்சமின் அமான் டுஷென். தசை நோயால் நடை இழக்கும் சிறுவர்களைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் இன்றைய மருத்துவ உலகம் அவர் பெயரையே சொல்லுகிறது. உள்ளார்ந்த புன்னகையைக் குறிக்கும்போதும் உளவியலார் அவர் பெயரையே சொல்லுகின்றனர். நோயில் ஒன்றும் நகைப்பில் ஒன்றுமாக இருவேறு இடங்களில் பெயர் நிலைபெற்ற மருத்துவர் வேறொருவர் உளரோ என்று தெரியவில்லை. அவருடைய வாழ்க்கையிலோ நகைப்புக்கு இடம் மிகக் குறைவு.

கடலோடியின் மகன்

பிரான்சு நாட்டின் வட கடற்கரையில், இங்கிலாந்தை நோக்கி அமைந்த துறைமுகப்பட்டினம் பூலோன். அங்கு 1806-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் டுஷென் பிறந்தார். குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடல்தொழில் செய்தது. தந்தை கப்பல் தலைவர். நெப்போலியன் காலத்துக் கடற்போர்களில் காட்டிய வீரத்துக்காக அரசின் விருது பெற்றவர். தம் மகனும் கடலுக்குப் போகவேண்டும் என்பதே அவர் விருப்பம். மகனோ அறிவியலை நாடினார். துவே நகரக் கல்லூரியில் பயின்று, பாரிஸ் சென்று மருத்துவம் கற்று, தீப்புண் பற்றிய ஆய்வேட்டை அளித்து 1831-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் தலைநகரில் தங்காமல் ஊருக்கே திரும்பி மருத்துவத் தொழில் தொடங்கினார், மணமும் செய்துகொண்டார். அந்த இல்லறம் இரண்டு ஆண்டே நீடித்தது. 1833-இல் ஆண் மகவு ஒன்றை ஈன்ற சில நாள்களில் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் கண்டு மனைவி இறந்தார். பிள்ளைப்பேற்றின்போது உடனிருந்து மருத்துவம் பார்த்தவர் கணவரே. அதுவே அவருக்குப் பழியாயிற்று. மனைவியைப் பெற்ற தாய் அப்பழியை ஊரெல்லாம் பரப்பினார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் எதனால் வருகிறது என்பதை எவரும் அறியாத காலம் அது. நுண்ணுயிர்க் கொள்கை வேரூன்ற இன்னும் பல்லாண்டுகள் இருந்தன. அறியாமைக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது போலும். குழந்தை எமீல் தாய்வழிக் குடும்பத்திலேயே வளர்ந்தான். தந்தையும் மகனும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தனர்.

இத்துயரினூடேதான் மின்சாரம் அவர் வாழ்வில் நுழைந்தது. தசையில் ஊசியைச் செருகி அதன்வழி மின்னோட்டம் பாய்ச்சி வலியைத் தணிக்கும் முறை ஒன்று அந்நாளில் வழக்கில் இருந்தது. டுஷெனும் தம் நோயாளிகளிடம் அதனைக் கையாண்டார். கையாளுங்கால் ஊசி தொட்ட தசை மட்டும் சுருங்குவதைக் கண்டார். வலி தணிந்ததோ இல்லையோ, அந்தத் தனித்த சுருக்கம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1839-இல் மறுமணம் செய்துகொண்டார். அதுவும் இனிதாக அமையவில்லை. 1842-இல் ஊரைத் துறந்து மீண்டும் பாரிஸ் நகரம் புகுந்தார்.

பதவியில்லா ஆசான்

பாரிஸில் அவருக்கு மருத்துவமனைப் பதவி ஏதும் இல்லை. பல்கலைக்கழகப் பதவியும் இல்லை. இறுதிவரை அவை கிடைக்கவும் இல்லை. ஒரு மின்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாள்தோறும் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்றார். நாட்டுப்புற நடையும் பேச்சும், விடாது வினவும் இயல்பும் கண்டு இளம் மருத்துவர் சிலர் அவரை எள்ளி நகையாடினர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. விந்தையான நோயாளி ஒருவரைக் கண்டால், அவர் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் பின்தொடர்ந்து சென்று ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார். பதவியுள்ளவர் தம் பிரிவில் படுத்திருக்கும் நோயாளியை மட்டுமே பார்ப்பர். பதவியில்லாதவருக்கோ பாரிஸ் நகரம் முழுவதுமே நோயாளர் கூடமாயிற்று. ஒரே நோயின் தொடக்கத்தையும் முடிவையும் அவரால் காண முடிந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

மின்தூண்டலை ஃபாரடே கண்டறிந்தது 1831-இல், அதாவது டுஷென் பட்டம் பெற்ற அதே ஆண்டில். அந்தத் தூண்டு மின்னோட்டத்தைக் கொண்டு டுஷென் புதிய கருவி ஒன்றை அமைத்தார். ஊசியை அறவே நீக்கினார். ஈரமாக்கிய மின்முனைகளைத் தோலின்மேல் வைத்து அழுத்தினால், தோலைப் புண்படுத்தாமலே அடியிலுள்ள ஒரு தசையை மட்டும் இயக்கலாம் எனக் காட்டினார். அதுவரை தசையின் தொழிலை அறியப் பிணத்தை அறுத்துப் பார்ப்பதே வழியாக இருந்தது. பிணத்தின் தசை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று காட்டும். என்ன செய்யும் என்று காட்டாது. உயிருள்ள உடலில் தசையின் தொழிலைக் காணும் வழி இப்போது திறந்தது. இம்முறையை விளக்கும் அவரது நூல் 1855-இல் வெளிவந்தது.

இக்கருவி நோயறி கருவியும் ஆயிற்று. செயலிழந்த தசை மின்னோட்டத்துக்கு இசைகிறதா, இசையவில்லையா என்பதைக் கொண்டு, பழுது மூளையிலா, நரம்பிலா, தசையிலா என்று பிரித்தறிய முற்பட்டார். தசைகள் படிப்படியாக நலியும் நோய், நாவும் உதடும் குரல்வளையும் செயலிழக்கும் நோய் ஆகியவற்றைத் தனித்தனியே விரித்துரைத்தார். முதலில் கண்டவர் யார் என்பது குறித்து உடன் மருத்துவரோடு நிகழ்ந்த பூசல்களை இவண் விரிக்க வேண்டுவதில்லை.

நடைத் தடுமாற்றம் பற்றி 1858, 1859 ஆண்டுகளில் அவர் எழுதியதைச் சற்று நின்று நோக்கவேண்டும். கால் தள்ளாடி விழும் நோயாளிகளை அக்காலத்தார் வாதநோயாளர் என்றே கொண்டனர். டுஷென் அவர்களைப் படுக்கவைத்துக் காலை நீட்டி மடக்கச் சொன்னார். வலிமை குன்றவில்லை. அங்ஙனமாயின் தள்ளாட்டம் எதனால்? வலிமை இருந்தும், தசைகளைத் தமக்குள் இசைவித்து இயக்கும் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று அவர் தெளிந்தார். கால் எங்கிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தாலன்றி அறியமுடியாத நிலை அது. செருமானிய மருத்துவர் ரோம்பெர்க் இந்நோயை முன்னரே எழுதியிருந்தார் எனினும், வலிமை வேறு, ஒழுங்கு வேறு என்னும் வேறுபாட்டைத் துலக்கியது டுஷெனின் சிறப்பு. இந்நோய் மேகநோயின் பின்விளைவு என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. பெரும்பேராசிரியர் த்ரூசோ தம் விரிவுரைகளில் இந்நோய்க்கு டுஷெனின் பெயரையே இட்டு வழங்கினார். மாணவர்கள் சிரித்த மனிதரின் பெயர் மாணவர்களின் பாடமாயிற்று.

முகத்தின் இலக்கணம்

1850-களில் அவர் முகத்தின்பால் திரும்பினார். பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனை, ஆதரவற்ற முதியவர்களும் நோயாளர்களும் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த பெரும் விடுதி. மெலிந்து, பல் உதிர்ந்து, எளிய தோற்றத்தோடு ஒரு முதியவர் டுஷெனுக்குக் கிடைத்தார். அவர் முகத்தின் தோலில் உணர்ச்சி ஏறக்குறைய மரத்துப்போயிருந்தது. ஆகவே மின்முனை வைத்தால் வலிக்காது. வலியின் சுளிப்பு வந்து மற்றவற்றைக் குழப்பாது. மெலிந்த முகமாதலால் ஒவ்வொரு தசையும் தெளிவாகத் தெரிந்தது. அம்முகத்தில் டுஷென் வியப்பை வரவழைத்தார், அச்சத்தை வரவழைத்தார், துயரத்தை வரவழைத்தார். முதியவர் உள்ளத்திலோ அவற்றுள் ஒன்றும் இல்லை.

மின்சாரம் தந்த முகபாவம் நொடிப்பொழுதே நிற்பது. அதனைப் பிடித்துவைக்க ஒளிப்படக் கலை உதவியது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் நாதாரின் உடன்பிறந்தாராகிய அத்ரியான் தூர்னஷோன் சில படங்களை எடுத்துத் தந்தார். ஏனையவற்றை டுஷென் தாமே கற்று எடுத்தார். 1862-இல் மனித முகபாவத்தின் இயக்கம் பற்றிய அவரது நூல் ஒளிப்படத் தொகுதியுடன் வெளிவந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒளிப்படத்தைச் சான்றாகப் பயன்படுத்திய முன்னோடி நூல்களுள் அது ஒன்று.

புன்னகை பற்றி அந்நூல் கூறுவதே இன்று பெரிதும் பேசப்படுகிறது. கன்ன எலும்பிலிருந்து உதட்டின் முனைக்குச் செல்லும் தசையை இயக்கினால் வாய் மலர்கிறது. ஆயினும் பார்ப்பவருக்கு அது மகிழ்ச்சியாகத் தோன்றுவதில்லை, ஏதோ குறைகிறது. முதியவரிடம் வேடிக்கையாக ஏதேனும் சொல்லி இயல்பாகச் சிரிக்கவைத்தால், கண்ணைச் சூழ்ந்த வட்டத்தசையும் சுருங்கி, கீழிமை சற்று உயர்கிறது. முன்னைய தசை நம் ஏவலுக்குப் பணியும். பின்னையது உள்ளத்து உவகைக்கே பணியும் என்றார் டுஷென். வாய் சிரிப்பதை எவரும் கற்கலாம், கண் சிரிப்பதைக் கற்க முடியாது என்பது அவர் முடிபின் சுருக்கம்.

இம்முகமொழி எல்லா மக்களுக்கும் பொதுவாகப் படைத்தவன் அருளிய மாறாத மொழி என்பது டுஷெனின் நம்பிக்கை. சார்லஸ் டார்வின் வேறொரு கருத்தினர். எனினும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் 1872-ஆம் ஆண்டு நூலுக்கு டுஷெனின் இசைவு பெற்று அவர் படங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டார். அச்சத்தைக் காட்டும் படம் ஒன்றில் மின்முனைகளும் அவற்றைப் பிடித்த கைகளும் நீக்கப்பட்டு, வெறும் அஞ்சிய முகமாகவே செதுக்குப்படம் அமைந்தது. இன்றாயின் இதற்கு வேறு பெயர் சொல்லியிருப்பர்.

டார்வின் செய்த மற்றொரு செயலே பெரிது. டுஷெனின் படங்களுட் சிலவற்றை, விளக்கம் ஒரு சொல்லும் தராமல், இருபதுக்கும் மேற்பட்டோரிடம் காட்டி, இம்முகத்தில் காணும் உணர்ச்சி யாது என வினவினார். சில படங்களில் ஏறத்தாழ அனைவரும் ஒத்த விடையே தந்தனர். வேறு சிலவற்றில் விடைகள் பலவாகச் சிதறின. டுஷெனின் விளக்கத்தைப் படித்துக்கொண்டே படத்தைப் பார்க்கும்போது எல்லாம் உண்மையாகவே தோன்றுவதையும், விளக்கம் இல்லாதிருந்தால் தாமும் குழம்பியிருக்கக்கூடும் என்பதையும் டார்வின் மறைக்காமல் எழுதினார். நாம் காண்பது முகத்தையா, முகத்தின் கீழ் எழுதிய பெயரையா? பிறர் உணர்ச்சியை நாம் எங்ஙனம் அறிகிறோம் என்னும் இன்றைய ஆராய்ச்சித் துறையில் முகப்படத்தைக் காட்டி விடை கேட்கும் முறை எங்கும் காணப்படுகிறது. அதன் தொடக்கங்களுள் ஒன்று இதுவாகும்.

இவ்விடத்து ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்நூலின் கலைப்பகுதிக்காகப் பார்வை பெரிதும் மங்கிய ஓர் இளம்பெண்ணைப் பயன்படுத்தி, ஷேக்ஸ்பியரின் மெக்பெத் சீமாட்டி போன்ற வேடங்களில் நிற்கவைத்து டுஷென் படமெடுத்தார். முதியவர் வலி உணராதவர் என்பது உண்மையே. ஆயினும் விடுதியில் ஒதுங்கி வாழும் ஏழையிடம், உன் முகத்தைத் தருவாயா என்று கேட்டால் அவர் மறுக்கும் நிலையில் இருந்தாரா? அந்தக் கேள்வி அந்நூற்றாண்டில் எழவில்லை. டுஷென் கொடியவர் அல்லர். நோயாளிகளிடம் அன்புடையவர் என்றே அவரை அறிந்தோர் உரைத்துள்ளனர். ஆயினும் உலகம் அறிந்த அம்முகத்துக்கு உரிய முதியவர், அந்நூலைப் பயில்வோருக்கு இன்றும் முதியவர் என்னும் பொதுப்பெயரால் மட்டுமே அறிமுகமாகிறார்.

சிறுவர்களின் நோய்

டுஷெனின் பெயரைத் தாங்கிய கொடிய நோய்க்கு வருவோம். கெண்டைக்கால் பருத்து, பார்வைக்கு வலிமையுடையவன் போலத் தோன்றும் சிறுவன் நடக்கத் தடுமாறுகிறான். இடுப்பை ஆட்டி வாத்துபோல் நடக்கிறான். தரையிலிருந்து எழ இயலாது தவிக்கிறான். 1861-இல் இத்தகைய சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதிய டுஷென், நோயின் மூலம் மூளையில் இருப்பதாகக் கருதி அதற்கேற்பப் பெயரும் இட்டார். சிறுவனின் அறிவு வளர்ச்சி மந்தமாக இருந்தமையும் அக்கருத்துக்குத் துணைசெய்தது.

ஆனால் அவர் அங்கு நிற்கவில்லை. தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்காக நோயாளி இறக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. தோலில் சிறு துளையிட்டு, கடுகளவு தசையைக் கொக்கிபோல் பற்றி எடுக்கும் ஊசிக்கருவி ஒன்றை அவரே வடித்தார். உயிருள்ளவர் உடலிலிருந்து தசை எடுப்பது அறமா என்று அக்காலத்தே கண்டனம் எழுந்தது. அவர் எடுத்த தசையை நுண்ணோக்கியில் நோக்கியபோது, பருமையாகத் தெரிந்தது தசையே அன்று. தசை நார்களின் இடையே நார்த்திசுவும் கொழுப்பும் மிகுந்து நின்ற போலிப் பருமை அது. 1868-இல் 13 நோயாளிகளின் வரலாற்றோடு வெளியிட்ட விரிவான கட்டுரையில், தாம் முன்பு இட்ட மூளைசார் பெயரைக் கைவிட்டு, நோய் தசையினுடையதே என்று நிறுவினார். ஏழாண்டுக்கு முன் தாம் அச்சிட்டதைத் தாமே மறுத்து அச்சிடுவது எளிதன்று. அறிஞருலகில் இது அரிய பண்பு என்றே யான் கருதுகிறேன். இங்கிலாந்து மருத்துவர் மெரியோன் இந்நோயை 1850-களின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். அவர் பெயர் நிற்காமல் டுஷென் பெயர் நின்றது வரலாற்றின் ஓரவஞ்சனை.

அந்நோயின் வேர் நூற்றாண்டு கடந்தே தெரிந்தது. பாஸ்டன் நகரில் லூயி குங்கெல் குழுவினர் 1986-இல் அதற்குரிய மரபணுவைக் கண்டனர்; 1987-இல் அம்மரபணு ஆக்கும் புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் எனப் பெயரிட்டனர். தசைநாரின் உறையைக் கிழியாது காக்கும் புரதம் அது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருத்தலின், தாய்வழியாக வந்து பெரிதும் ஆண்மக்களையே தாக்குகிறது. மனித மரபணுக்களுள் மிக நீண்டவற்றுள் அது ஒன்று. ஆகவே புதிதாகப் பழுதுறும் வாய்ப்பும் மிகுதி. நோயுற்ற சிறுவர் பலர் பன்னிரண்டு வயதை ஒட்டிச் சக்கர நாற்காலியை நாடுகின்றனர். பின்னர் மூச்சுத்தசையும் இதயமும் நலிகின்றன. ஸ்டீராய்டு மருந்தும் மூச்சுக்கருவியும் ஆயுளை நீட்டித்துள்ளன. முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. இதில் ஒரு வியப்பு உண்டு. டிஸ்ட்ரோபினின் சில வடிவங்கள் மூளையிலும் தொழிற்படுகின்றன. ஆதலால் நோயுற்ற சிறுவருள் ஒரு பகுதியினருக்குக் கற்றலிலும் நினைவிலும் இடர்ப்பாடு காணப்படுகிறது. டுஷென் மூளையை முற்றிலும் விடுத்தது சரியென்றாலும், முதலில் அவர் கண்ணில் பட்ட அறிவு மந்தம் வெறுந்தோற்றம் அன்று.

இதற்கிடையே 1867-இல் உடலியக்கம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. தசைகளைத் தனித்தனியே இயக்கிப் புகழ்பெற்றவர், இயற்கையில் எத்தசையும் தனித்து இயங்குவதில்லை என்பதை அந்நூலில் பக்கம் பக்கமாக நிறுவினார். கையை உயர்த்துவதற்குக்கூட உயர்த்தும் தசையும் தடுக்கும் தசையும் தாங்கும் தசையும் ஒருங்கே உழைக்கவேண்டும். இடைவிடா உழைப்பின் கனியாகிய இந்நூலையே அவருடைய தலைசிறந்த படைப்பாக நான் மதிப்பேன். புன்னகைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

புன்னகையின் பின்கதை

டுஷெனின் முகநூல் நெடுங்காலம் உறங்கியது. முக அசைவுகளைக் குறியீட்டால் பதியும் முறையை ஃப்ரீசனோடு 1978-இல் வகுத்த அமெரிக்க உளவியலார் பால் எக்மன், 1990-இல், கண்ணும் வாயும் சேர்ந்து மலரும் புன்னகைக்கு டுஷென் புன்னகை என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டில் அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. பின்வந்த ஆய்வுகள் டுஷெனின் முடிபை அப்படியே ஏற்கவில்லை. கண்தசையையும் விரும்பிச் சுருக்க வல்லார் பலர் உளர் என 2009-இல் குரூம்ஹூபரும் மான்ஸ்டெடும் காட்டினர். கண் சிரிப்பதையும் கற்கலாம் போலும்.

எனினும் ஏவலால் வரும் அசைவும் உணர்ச்சியால் வரும் அசைவும் வெவ்வேறு வழியின என்னும் அவரது அடிப்படை உறுதிப்பட்டுள்ளது. பக்கவாதத்தால் மூளைப்புறணி பழுதுற்ற சிலரைச் சிரியுங்கள் என்றால் வாய் ஒருபக்கம் அசையாது. வேடிக்கை கேட்டால் இருபுறமும் மலரும். ஆழ்பகுதி பழுதுற்ற வேறு சிலருக்கு இதன் மறுதலை நிகழும். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கமே நம் கண்ணுக்குப் படுகிறது. முகம் அசைவிழந்து முகமூடி போலாவதை வீட்டார் கோபமென்றோ வெறுப்பென்றோ பிழைபட உணர்கின்றனர். உள்ளே அன்பிருந்தும் தசை அதனை எடுத்துச் சொல்லாத நிலை அது. அந்நோயுற்றோர் சிலருக்குப் பிறர் முகத்து உணர்ச்சியை அறிவதும் அரிதாகிறது என ஆய்வுகள் கூறுகின்றன. இயக்கமும் உணர்வறிவும் இத்துணை நெருங்கியவை என்பதை டுஷென் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இறுதி ஆண்டுகள்

1860-களில் மகன் எமீல் பாரிஸ் வந்து தந்தையோடு சேர்ந்தார். அவரும் மருத்துவரே. குழந்தைகளின் இளம்பிள்ளைவாதம் பற்றி 1864-இல் ஆய்வு வெளியிட்டார். முப்பது ஆண்டுப் பிரிவுக்குப் பின் ஒரே துறையில் இருவரும் உழைத்த அந்தச் சில ஆண்டுகளே டுஷெனின் வாழ்வில் நிறைவான காலம். பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்ட காலத்தை ஒட்டி எமீல் நோயுற்று இறந்தார். தந்தையின் உழைப்பு அதன்பின் தளர்ந்தது. எனினும் 1872-இல் தம் மின்னோட்ட நூலின் மூன்றாம் பதிப்பை முடித்தார். பிறக்கும்போது தோள் இழுபட்டுக் கை செயலிழக்கும் குழந்தைகளைப் பற்றிய செய்தி அப்பதிப்பில் உள்ளது. அந்நிலையும் எர்ப் என்பவர் பெயரோடு சேர்ந்து அவர் பெயரால் வழங்குகிறது.

சால்பெட்ரியேரின் புகழ்மிக்க பேராசிரியர் ஷார்க்கோ, நரம்பியலில் தமக்கு ஆசான் டுஷெனே என்று வெளிப்படையாகக் கூறிவந்தார். பதவியில் உச்சியில் இருந்தவர், பதவியே இல்லாதவரை ஆசான் என்றார். 1875-ஆம் ஆண்டு டுஷென் தம் மூல ஒளிப்படங்களைப் பாரிஸ் நுண்கலைப் பள்ளிக்கு வழங்கினார். ஓவியம் கற்போர் முகத்தைப் பிழையின்றி வரையட்டும் என்பது அவர் எண்ணம். அதே ஆண்டு செப்டம்பரில் மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டு, 69-ஆம் வயதை ஒட்டி மறைந்தார். 1897-இல் சால்பெட்ரியேர் வளாகத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மின்பெட்டியோடு அவர் நாள்தோறும் நுழைந்து வெளியேறிய வளாகம் அது.